ஒற்றைக் கோட்டில் அடித்த பெயர்

அன்புள்ள செல்வி,

எதை எழுதுவதென்றாலும் முதலில் குறிப்புகளை வரிசைப்படுத்திக்கொள்வது என் வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்று ஆசிரியனாகப் பாடக்குறிப்பு எழுதி வந்த பழக்கம் அது. இப்படி எண் போட்டுக் கட்டிவைக்காவிட்டால், பாதியில் பயந்துபோய் மழையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் எழுதி முடித்துவிடுவேன். இந்தக் கடிதத்தில் இருக்கப்போவது இவை:

1. நமக்கு வாக்குரிமை வந்த விதம், சுருக்கமாக.
2. வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டானபோது நான் செய்தது.
3. பஞ்சாயத்துத் திருத்தமும், ஒன்றிய அலுவலகத்தில் உனக்கு நடந்ததும்.
4. போன செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்குச் சரியான பதில்.
5. நீ பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க வேண்டாம் என்பதற்கான காரணங்கள்.

வரிசை மாறாமல் எழுதுவேன் என்று உறுதி சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் ஒரு பக்கம் எழுதினால் விரல்கள் மரத்துப்போகின்றன. எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால், எங்கே விட்டேன் என்பது மறந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை நீ தருமபுரியிலிருந்து பேசினாய். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக உனக்கு ஒரு படிவம் வந்திருப்பதாகவும், இருபது ஆண்டுகளுக்கும் மேலான பழைய பட்டியலில் உன் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று அதில் கேட்டிருப்பதாகவும் சொன்னாய். "அப்பா, நம்மூரு பழைய பட்டியல பூரா தேடிட்டேன். உங்க பேரு இருக்குது, அம்மா பேரு இருக்குது. எம் பேரு ஏன் இல்ல?" என்று கேட்டாய். "கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது விட்டுப்போயிருக்கும் கண்ணு" என்றேன். அதே மூச்சில் நீ இன்னொன்றும் சொன்னாய். தை மாதம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறாய். வாக்காளர் பட்டியலில் பெயரை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு, அடுத்து வரும் பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறாய். நான் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டேன். நான் சொன்னது பொய். அது ஏன் பொய் என்பதற்கு வர இன்னும் சில பக்கங்கள் ஆகும். பொறுத்துக்கொள்.

முதல் குறிப்பு. வெள்ளைக்காரர் காலத்தில் நிலவரி கட்டியவர்கள், சொத்து வைத்திருந்தவர்கள், ஓரளவு படித்தவர்கள் இவர்களுக்குத்தான் வாக்கு இருந்தது. உன் தாத்தாவிடம் வரி ரசீது இருந்ததால் அவர் வாக்களித்தார். அவருடைய அதே நிலத்தில் ஏர் ஓட்டியவருக்கு வாக்கு இல்லை. பிறகு அரசியலமைப்பு வந்தது. முந்நூற்று இருபத்தாறாவது பிரிவு, இருபத்தொரு வயது நிரம்பிய எவருக்கும் வாக்கு உண்டு என்றது. ஆணா பெண்ணா, ரசீது இருக்கிறதா, எழுதப் படிக்கத் தெரியுமா என்று அது கேட்கவில்லை. அமெரிக்காவில் இது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடந்தது. கறுப்பின ஆண்களுக்காக ஒரு திருத்தம், ஐம்பது ஆண்டு கழித்துப் பெண்களுக்காக ஒன்று, வாக்களிக்க வரி கட்டச் சொன்னதை நிறுத்த ஒன்று, பதினெட்டு வயதுக்காக ஒன்று. நம் முந்நூற்று இருபத்தாறு ஒரே ஒரு முறைதான் திருத்தப்பட்டிருக்கிறது. அவர்கள் படிப்படியாக ஏறியதை நாம் ஒரே எட்டில் ஏறிவிட்டோம் என்று வகுப்பில் சொல்வேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். எனக்குக் குரல் உயர்வது அந்த ஒரு பாடத்தில்தான். ஒருமுறை பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எல்லாருக்கும் குடுத்தாச்சுன்னா அப்புறம் என்னாத்துக்கு சார் நீங்க நோட்டு எடுத்துக்கிட்டு வூடு வூடா வர்றீங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணின் பெயர் மாதம்மாள். நீ அக்கா என்று கூப்பிடும் அதே மாதம்மாள்தான்.

பள்ளிக்கூட வேலையோடு நம் ஊர் வாக்குச்சாவடிக்கு வாக்காளர் கணக்கெடுப்பும் என் பொறுப்பில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். அறுபத்தொன்றாவது திருத்தம் வந்து வயது பதினெட்டானபோது, புதிதாகச் சேர வேண்டியவர்களை வீடு வீடாகப் போய் எழுதினேன். டெல்லியில் இரண்டு அவைகளும் கூடி, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு, மாநிலங்களும் ஒப்புக்கொண்டு செய்த வேலை அது. அந்த வேலை கம்பைநல்லூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேரும்போது, அதற்குக் கையாக இருந்தது நான். மாதம்மாளின் வீட்டுக்குப் போனபோது அவள் அப்பா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்.

"வூட்ல பதினெட்டு முடிஞ்சவங்க யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நானு, எஞ் சம்சாரம். அவ்வளவுதாங்க."

"பொண்ணு?"

"அது சின்னப் புள்ளைங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு சின்னப் புள்ள? சார், மூணு வருசமா எனக்குப் பதினேழுதான் ஆவுது!"

"வாய மூடிக்கிட்டு உள்ள இரு கழுத" என்றார் அவர். பிறகு என் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். "வாத்தியாரே, நீங்க பத்தொம்பதுன்னு எழுதி அதப் பள்ளிக்கூடத்துச் செவுத்துல ஒட்டிருவீங்க. பொண்ணு பாக்க வர்றவன் எங்கூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தச் செவுத்துக்குத்தான் போறான். எதுக்குங்க வம்பு? கண்ணாலம் முடியட்டும், போற எடத்துல எழுதிக்குவாங்க."

அவர் சொன்னது உண்மைதான். நம் பக்கத்தில் வாக்காளர் பட்டியலை வேறு யார் படித்தார்களோ இல்லையோ, பெண் தேடுகிறவர்கள் படித்தார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வயது, யார் போய்விட்டார்கள் என்பதெல்லாம் அச்சில் இருக்கும். சட்டப்படி அவளை எழுதியிருக்க வேண்டும். எனக்கு அவரோடு வாதாடத் தைரியம் இல்லை. அவள் பெயரைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் 'விசாரணை தேவை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தச் சுற்று முடிவதற்குள் அப்படிப் பல பெண்களின் பெயர்கள் பென்சிலில் சேர்ந்தன. எந்த விசாரணையும் நடக்கவில்லை. பட்டியல் தட்டச்சுக்குப் போகும்போது பென்சிலில் இருப்பவற்றை விட்டுவிடுவார்கள். அது எனக்குத் தெரியும்.

உன் பெயரை மட்டும், உனக்குப் பதினெட்டு முடிந்த முதல் வாய்ப்பிலேயே, மையால் எழுதினேன். நீ முதல் வாக்கைப் போட்டுவிட்டு வந்து விரலை நீட்டிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததும், "அந்த மை சோத்துல கரையாதுடி" என்று உன் அம்மா அதட்டியதும் நேற்றுப்போல இருக்கிறது. மறு வருடம் உனக்குக் காரிமங்கலத்தில் கல்யாணம். கல்யாணம் முடிந்த வாரமே ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுத்துச் சான்று வாங்கினோம். அதோடு சேர்த்து வாக்காளர் பட்டியலிலும் எடுத்துவிட்டேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் இரண்டையும் செய்வதுதானே நம் பக்கத்து வழக்கம். அடித்தல் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சிவப்பு மையில் ஒற்றைக் கோடு. அடியில் இருக்கும் பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும். ஓரத்தில் காரணமும் சுருக்கொப்பமும். 'திருமணமாகி வேற்றூர் சென்றார்' என்று எழுதி ஒப்பமிட்டேன். போன இடத்தில் உன்னைச் சேர்த்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. அவர்கள் சேர்க்கவில்லை. இரண்டு ஊர்ப் பட்டியலிலும் இல்லாமல் நீ இரண்டு ஆண்டுகள் இருந்தாய்.

பிறகு நீ கைக்குழந்தையோடு திரும்பி வந்தாய். அங்கே என்ன நடந்தது என்பதை நீ ஒரே ஒரு முறை சொன்னாய், நானும் ஒரு முறைக்கு மேல் கேட்கவில்லை. யாராவது விசாரித்தால், "சும்மா வந்திருக்குது, பத்து நாள் இருந்துட்டுப் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எட்டு மாதம் இருந்த பிறகும் அதையே சொன்னேன். அந்த நாட்களில் நீ தெருவிலிருந்தவர்களுக்கெல்லாம் மனு எழுதிக்கொடுத்தாய். கீழத்தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நீ எழுதிய மனுவைப் படித்துவிட்டு, என்னைவிட நன்றாக எழுதுகிறாய் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

அந்த ஆண்டு பஞ்சாயத்துத் தேர்தல். எழுபத்து மூன்றாவது திருத்தத்தைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மற்றத் திருத்தங்கள் வாக்குப் போடும் உரிமையைப் பற்றியவை. இது வாக்குக் கேட்கும் உரிமையை ஊர்ப் பெண்களின் வாசலுக்கே கொண்டுவந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு. (நம் மாநிலம் பிறகு அதைப் பாதியாக்கியது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போட்ட திருத்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.) நம் ஊர்த் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு என்று அறிவித்ததும், உள்ளூரிலேயே கல்யாணமாகிக் கீழத்தெருவில் குடியிருந்த மாதம்மாள் ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். உன்னை நிற்கச் சொன்னாள். போகும்போது என்னிடம் திரும்பி, "வாத்தியாரய்யா, என்னையத்தான் ஒரு தரம் பென்சில்ல எழுதுனீங்க. செல்விய மையில எழுதுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்படி நீ சிரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

உனக்கு அதில் கவலை இருக்கவில்லை. ஏனென்றால் பெயர் சேர்க்கும் படிவத்தை அதற்கு மூன்று மாதம் முன்பே நிரப்பி என்னிடம் கொடுத்திருந்தாய். வாங்க வேண்டிய ஆளும் நான்தான், அப்பாவும் நான்தான். அடுப்படி வாசலில் நின்று, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, படிவத்தை ஓரத்தில் பிடித்து நீட்டினாய். "சரி கண்ணு" என்று வாங்கிக்கொண்டேன்.

இனி ஒன்றிய அலுவலகம். வேட்புமனு கொடுக்க உன்னோடு நானும் வந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் மாதம்மாளும் மற்றவர்களும் நின்றார்கள். மனுவை வாங்கிய அதிகாரி பட்டியலைப் புரட்டினார். திரும்ப ஒருமுறை புரட்டினார். "உங்க பேரே இதுல இல்லீங்களேம்மா" என்றார். நீ எட்டிப் பார்த்தாய். நம் வீட்டு எண்ணுக்கு எதிரே இரண்டு பெயர்கள்தான் இருந்தன. "வோட்டு இருந்தாத்தான் நிக்க முடியும். சேக்கறதுக்குக் கெடுவும் முடிஞ்சிருச்சு" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அப்பா, படிவத்தக் குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன் கண்ணு."

நீ அதற்கு மேல் கேட்கவில்லை. உன் அப்பா காகிதம் தொலைக்கிறவர் அல்ல என்று உனக்குத் தெரியும். திரும்பி வரும்போது பேருந்தில் மாதம்மாள் அழுதாள். நீதான் அவளைத் தேற்றினாய். "எம் பேரு காரிமங்கலத்துல பஸ் ஏறுச்சு அக்கா, நடுவுல எங்கியோ எறங்கிடுச்சு போல" என்றாய். முன் இருக்கையில் நான் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தேர்தலில் ஜெயித்த அம்மாவின் நாற்காலியில் ஐந்து ஆண்டும் அவர் கணவர் உட்கார்ந்தார். கீழத்தெருவுக்குக் குழாய் வந்தது அதற்கும் வெகுநாள் கழித்து. நீ மூன்றே மாதத்தில் தருமபுரியில் ஒரு பள்ளிக்கூட வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டாய். உன் மகளை அங்கேயே வளர்த்தாய், படிக்கவைத்தாய், இப்போது வேலைக்கும் அனுப்பிவிட்டாய்.

நான்காம் குறிப்பை இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. படிவத்தை நான் கொடுக்கவில்லை. அது தொலையவும் இல்லை. பீரோவில் 'பழைய படிவங்கள்' என்று பெயர் எழுதிய கோப்பில், தேதி வரிசைப்படி, அதற்குரிய இடத்தில் இருக்கிறது. வாங்கிய அன்றே அங்கே வைத்தேன். மறுநாள் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன் என்று எழுதலாம், ஆனால் அதுவும் முழு உண்மையில்லை. உன் பெயரை நம் வீட்டு எண்ணுக்கு எதிரே மறுபடி எழுதினால், அது அச்சாகிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டப்படும். அதை ஊர் படிக்கும். வாத்தியார் மகள் வாழப் போன இடத்திலிருந்து திரும்பிவிட்டாள், இனிப் போகமாட்டாள் என்பது என் கையெழுத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். பட்டியலில் ஏறாதவரை நீ விருந்தாளி. ஏறிவிட்டால் நீ திரும்பி வந்தவள். ஊருக்கே தெரிந்திருந்த ஒன்றை நான் மட்டும் சுவருக்கு மறைத்துக்கொண்டிருந்தேன். மாதம்மாளின் அப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் சத்தமாகச் சொன்னார். நான் கோப்பில் வைத்தேன். பஞ்சாயத்துத் தேர்தல் வரும், நீ நிற்பாய் என்று அப்போது எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் மாதம்மாள் நம் வீட்டுக்கு வந்த அன்று பெயர் சேர்க்கும் கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன் என்றுகூடத் தோன்றுகிறது. யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆளும் நான்தானே.

உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் கண்ணை மூடுவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், என் ஓய்வூதியக் காகிதம் எதையோ தேடும்போது அது அவள் கையில் கிடைத்தது. படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். "ஊரு பூரா பேரு எழுதுனீங்க" என்றாள். அவ்வளவுதான். உன்னிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நாஞ் சொல்லமாட்டேன். அத நீங்கதான் சொல்லணும்" என்றாள். அதற்குப் பிறகும் எத்தனையோ பொங்கலுக்கு நீ வந்து போனாய்.

இப்போது அந்தப் படிவத்தில் உன்னிடம் கேட்டிருப்பதைப் பார். பழைய பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் அப்பா அல்லது அம்மாவின் விவரத்தை எழுதலாம் என்கிறார்கள். உன் பெயரை இல்லாமல் செய்தவனின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி, இவருக்கு நான் மகள் என்று நீ சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாள் இதை நினைத்தபோது சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் வரவில்லை.

ஐந்தாம் குறிப்புக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையே இதைத் தனித்தாளில் எழுதி வைத்துவிட்டேன், அப்படியே இங்கே படியெடுக்கிறேன். அ) உனக்கு வயது நாற்பத்தேழு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீ ஊரில் இல்லை. ஆ) மேடையில் உன் பழைய வாழ்க்கையை இழுப்பார்கள், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. இ) தோற்றால் அதே தெருவில் நாம் நடமாட வேண்டும். ஈ) ஜெயித்தால் இன்னும் கஷ்டம். உ) நான் களைத்துவிட்டேன்.

இதை எழுதி வைத்த மறுநாள், படிவங்களை வாங்கிப்போக, வாக்காளர் பட்டியலில் நம் பாகத்துக்குப் பொறுப்பான பெண் வந்தாள். அங்கன்வாடியில் வேலை செய்கிறவள். கூடவே கையில் ஒரு கொத்துக் கீரையோடு மாதம்மாள். அந்தப் பெண் என் படிவத்தைச் சரிபார்த்துவிட்டு, "அய்யா, வூட்ல நீங்க ஒருத்தருதானுங்களா?" என்று கேட்டாள்.

"ஒருத்தன்தான்" என்றேன். அவள் எழுதப் போனாள். "இல்ல. ரெண்டு பேரு."

மாதம்மாள் கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"எம் பொண்ணு. தமிழ்ச்செல்வி. தருமபுரியில இருக்குது. தையில இங்கியே வந்துருது. இனி இங்கதான் இருக்கும்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

"அப்பிடின்னா அவங்களே வந்து இடமாற்றப் படிவத்துல கையெழுத்துப் போடணும்ங்க. நானா எழுதிக்க முடியாது" என்றாள் அந்தப் பெண். வெற்றுப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள்.

"பென்சில் இருக்குதுங்களா வாத்தியாரய்யா?" என்று மாதம்மாள் கேட்டாள். கேலிதான். ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது.

இருவரும் போன பிறகு ஐந்தாம் குறிப்பின் காரணங்களை மறுபடி படித்தேன். 'அ' ஒன்றைத் தவிர மற்ற நான்கும் உன்னைப் பற்றியவை அல்ல, என்னைப் பற்றியவை. அந்த 'அ'வும், நீ ஊரில் இல்லாமல் போனதற்குக் காரணமானவன் சொல்லத்தக்கது அல்ல. மற்றக் குறிப்புகளில் ஆண்டோ பிரிவு எண்ணோ பிசகியிருக்கலாம், சரிபார்த்துக்கொள். ஐந்தாவது பிசகல்ல, தவறு. முழுத் தவறு. சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட்டிருக்கிறேன், அடியில் இருப்பது உனக்குப் படிக்கத் தெரியும். ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டிருக்கிறேன்.

இந்த உறையில் இரண்டு படிவங்கள் இருக்கின்றன. ஒன்று நீ நிரப்பிய பழையது. மற்றது புதியது. அதில் நம் வீட்டு எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன், மையால். மற்றதை நீயே நிரப்பு, நீயே கொண்டுபோய்க் கொடு. என்னிடம் கொடுக்காதே. வேட்புமனுவில் முன்மொழிபவர் கையெழுத்து என்று ஓர் இடம் இருக்கும். அன்று நான் அரசு ஊழியன் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். இப்போது நான் வெறும் வாக்காளன். வேறு யாரையும் நீ நினைத்து வைத்திருக்காவிட்டால், அந்த இடத்துக்குத் தேவையான என் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கின்றன.

உன் அப்பா